வைரஸ் படிக்க ஒரு கோடை விடுமுறை

ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு முடிகிற சமயம் பார்த்து, நுண்ணுயிரியலும் உயிர்த்தொழில்நுட்பமும் படிக்கிற மாணவர்களிடையே ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும். "இந்த லீவுல வைரஸ் சம்பந்தமா ஆராய்ச்சி பண்ண எங்கயாவது சேத்துக்குவாங்களா?" நல்ல கேள்விதான். பதிலும் ஒரு வரிதான். சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் இந்த வருடம் இல்லை. கோடைக்கான கதவை ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே சாத்திவிட்டார்கள்!

இது சில வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அண்ணன் ஏதாவது பெரிய நிறுவனத்தில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருப்பான், அல்லது சித்தி எங்காவது பேராசிரியராக இருப்பார். சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே விண்ணப்பத் தேதி காதில் விழுந்துவிடும். மற்ற வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் ஷிப்ட் நேரம்தான் பேசப்படும். பேசுகிறவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்த தேதிகள் அவை.

மணிமங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால் வருகிற ஊர். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களங்களில் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிறது. இப்போது அந்தப் பக்கம் அணிவகுப்பது கம்பெனி பஸ்கள். ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்பேசி என்று எதைச் சொன்னாலும் அந்த வட்டாரத்தில் அதைச் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கும், அல்லது இருந்து மூடியிருக்கும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்த நோக்கியா தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டதை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள்.

அந்த ஊரில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கோடை விடுமுறை இரண்டு மாதம். அவள் தோழிகள் இருவர் அந்த இரண்டு மாதமும் கம்பெனிக்குப் போகப் போகிறார்கள். வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே பஸ் வரும், மதியச் சாப்பாடு உண்டு, மாதம் பிறந்தால் கையில் பணம். இவளோ வைரஸ் ஆராய்ச்சிக்கு பெங்களூரு போக வேண்டும் என்கிறாள்.

"ரெண்டு மாசம் அங்க போயி இன்னாமா பண்ணப் போற?"

"வைரஸ் பத்தி ஆராய்ச்சிப்பா."

"சரிம்மா, அத முடிச்சா வேலை குடுப்பாங்களா?"

நேர்மையான பதில், கொடுக்க மாட்டார்கள் என்பதுதான். இரண்டு மாதம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்ததற்காக யாரும் உடனே வேலை தருவதில்லை. அப்பாவின் கேள்வியைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட்டுப் பேசுகிற கட்டுரைகள் நிறைய உண்டு. ஆனால் இரண்டு மாதச் சம்பளம் என்பது சில வீடுகளில் ஒரு வருடத்துக் கல்லூரிக் கட்டணம். அதை விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? அந்தக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

முதலில் வைரஸ். தமிழில் நச்சுயிரி, தீநுண்மி என்றெல்லாம் அழகாகப் பெயர் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அதனால் வைரஸ் என்றே வைத்துக்கொள்ளலாம். இது ஏதோ அமெரிக்கப் படத்தில் வெள்ளை அங்கி போட்டவர்கள் மட்டும் தொடுகிற பொருள் என்று நினைக்க வேண்டாம். மாட்டுக்கு வருகிற கோமாரி ஒரு வைரஸ். கோழி வெள்ளையாகக் கழிந்து இரண்டு நாளில் சாகிறதே, அந்த வெள்ளைக் கழிச்சல் ஒரு வைரஸ். வெண்டைச் செடியின் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிக் காய் வெளுத்துப் போவது, வெள்ளை ஈ கொண்டுவந்து போடுகிற வைரஸின் வேலை. மழை விட்டதும் தெருவுக்கு நாலு பேரைப் படுக்க வைக்கிற டெங்குவும் வைரஸ்தான். (எலிக்காய்ச்சல் அப்படியல்ல, அது பாக்டீரியா. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயமும் தெரியும்.) ஆக, மணிமங்கலத்துப் பெண்ணுக்கு வைரஸ் புதிதல்ல. அதை ஒரு தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் புதிது.

இடமும் அப்படி ஒன்றும் தூரத்தில் இல்லை. கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1899-லிருந்து இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது தமிழ்நாட்டில் முதலில் பரிசோதனை தொடங்கிய கூடம் அதுதான். கால்நடைகளுக்கான தடுப்பூசி தயாரிக்கிற நிலையம் ராணிப்பேட்டையில் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1960-களிலேயே வைரஸ் பரிசோதனைக் கூடம் அமைத்துவிட்டார். நாட்டிலேயே இத்துறையின் தலைமை இடம் புணேயில் இருக்கும் தேசிய வைரஸ் ஆய்வு நிலையம். 1952-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கியது. கர்நாடகத்து ஷிமோகா காடுகளில் குரங்குகள் கூட்டமாகச் செத்து விழுந்தபோது, 1957-ல் அதற்குக் காரணமான கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வைரஸைக் கண்டுபிடித்தது அங்கிருந்து போன குழுதான்.

ஆனால் மாணவர்களால் வைரஸ் ஆராய்ச்சியில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? பெரிய விஞ்ஞானிகள் செய்வதை வேடிக்கை பார்க்கத்தானே அழைக்கிறார்கள்? இந்தச் சந்தேகம் வருகிறவர்கள் கேட்க வேண்டிய ஒரு கதை சென்னையிலேயே நடந்திருக்கிறது.

வருடம் 1985. எய்ட்ஸ் என்பது மேல்நாட்டு நோய், நம் நாட்டில் வராது என்று பத்திரிகைகளும் பெரியவர்களும் நம்பிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த நிர்மலா செல்லப்பன் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார். அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாமே என்றார். நிர்மலா இளநிலை மாணவி இல்லைதான், வயது முப்பதைத் தாண்டியிருந்தது, கைக்குழந்தைகள் இருந்தார்கள். ஆனாலும் மாணவிதான். பட்டத்துக்காகச் செய்த வேலைதான் அது.

ரத்த மாதிரி எடுக்க வேண்டும். யாரிடம்? பாலியல் தொழில் செய்ததாகப் பிடிக்கப்பட்ட பெண்களை வைத்திருந்த அரசு இல்லத்துக்குப் போனார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. மூன்று மாதத்தில் சுமார் 80 மாதிரிகள். எடுத்த ரத்தத்திலிருந்து சீரம் பிரிக்க ஒழுங்கான கூடம் இல்லாததால் டாக்டர் சுனிதி சாலமன் கடன் வாங்கி ஒரு சின்னக் கூடத்தை ஏற்பாடு செய்தார். பிரித்த சீரத்தை வைக்க இடம் இல்லாமல், நிர்மலா தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்!

சோதித்துப் பார்க்கவும் சென்னையில் வசதி இல்லை. வேலூரில்தான் உண்டு. 1986-ல் ஒரு நாள் இரவு ரயிலேறி, கணவனும் மனைவியுமாகக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். ஜேக்கப் ஜானின் கூடத்தில் இருந்த ஜார்ஜ் பாபுவும் எரிக் சிமோஸும் உதவிக்கு வந்தார்கள். எலைசா என்கிற சோதனை. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் சீரத்தை விட்டு, வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் அதில் இருந்தால் நிறம் மாறும்படி செய்வது. காலையில் ஆரம்பித்தார்கள். நடுவில் மின்சாரம் போய்விட்டது. தேநீர் குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

அந்தப் பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வேறொரு சோதனை முறையில் உறுதி செய்துகொண்டார்கள். அதற்கப்புறம்தான் தில்லிக்குத் தகவல் போனது, தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே 1986 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாடு தெரிந்துகொண்டது அப்படித்தான். நிர்மலா ஆய்வேட்டை 1987-ல் சமர்ப்பித்துத் தேர்ச்சி பெற்றார், பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பல வருடம் அவர் பெயர்கூட வெளியே அதிகம் தெரியாது. டாக்டர் சுனிதி சாலமன் 2015-ல் காலமாகும் வரை எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகவே உழைத்தார். 2017-ல் அவருக்கு பத்மஸ்ரீ.

இந்தக் கதையைச் சொல்லும்போது பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் எடுத்தபோது எதற்காக எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. பால்வினை நோய்க்கான சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களுக்கு வேண்டாம் என்று சொல்கிற வசதி எவ்வளவு இருந்திருக்கும்? இன்று அதே வேலையை யாரும் அதே மாதிரி செய்ய முடியாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், ரத்தம் கொடுப்பவரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். அது வந்தது நல்லதற்குத்தான்.

கோடை விடுமுறைக்கும் இதற்கும் நேரடியாகவே சம்பந்தம் இருக்கிறது. நெறிமுறைக் குழு அனுமதி வாங்குவதற்குள் இரண்டு மாத விடுமுறை முடிந்துவிடலாம். அதனால் "எங்க ஊரு ஜனங்ககிட்ட ரத்தம் எடுத்து டெங்கு சோதிக்கப் போறேன்" என்று ஆசையாக எழுதி அனுப்பினால் வழிகாட்டி சிரித்துவிட்டு ஒதுக்கிவிடுவார். ஏற்கெனவே அனுமதி வாங்கி நடந்துகொண்டிருக்கிற ஆய்வில் ஒரு துண்டு வேலை கேட்பதுதான் புத்திசாலித்தனம். மனித ரத்தம் கையாள்கிற கூடம் என்றால் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். மூன்று தவணை, முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் ஆறு மாத இடைவெளி. மே மாதம் முடிய வேண்டும் என்றால் நவம்பரிலேயே முதல் ஊசி! இந்தத் துறையில் எதை எடுத்தாலும் நவம்பரில்தான் போய் நிற்கிறது.

சரி, இளநிலை மாணவருக்கு அங்கே என்ன வேலை கொடுப்பார்கள்? நிபாவையும் எபோலாவையும் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆபத்தான வைரஸ்களுக்கு நான்கு படிநிலைப் பாதுகாப்புக் கூடங்கள் உண்டு. நான்காம் நிலைக் கூடம் புணேயில் 2012-ல் திறக்கப்பட்டது. அதற்குள் போக மூத்தவர்களுக்கே தனிப் பயிற்சி வேண்டும். கோடை மாணவருக்குப் பெரும்பாலும் முதல் வாரம் முழுக்க மைக்ரோபிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொள்வதும், ஆட்டோகிளேவில் பொருள்களை வேக வைப்பதும்தான். அதற்கப்புறம் செல் வளர்ப்பு. வைரஸ் தானாக வளராது, உயிருள்ள செல் வேண்டும். அதற்காக உலகம் முழுக்கப் பயன்படுகிற வீரோ என்ற செல்வகை, 1962-ல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. அந்தக் குரங்கு போய் அறுபது வருடம் ஆகிவிட்டது, அதன் செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்க முடியாது. மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

பிறகு ஒருநாள் ஊடகம் கலங்கிப்போய், பூஞ்சை வந்து, மூன்று வார வேலை மொத்தமும் குப்பைக்குப் போகும். அநேகமாக எல்லோருக்கும் நடப்பதுதான். இரண்டு மாதத்தில் மாணவர் உண்மையில் பெறுகிற படிப்பு இங்கேதான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் எல்லாச் சோதனையும் வெற்றி பெறும். கல்லூரி ரெக்கார்டு நோட்டிலும் அப்படித்தான், போன வருடத்து அக்காவின் நோட்டில் என்ன விடை இருக்கிறதோ அதே விடை வரும். விடை யாருக்குமே தெரியாத ஒரு கேள்வியின் முன்னால் நிற்பது என்றால் என்ன என்பதை இந்த விடுமுறை காட்டுகிறது. இந்த வேலை தனக்கு ஒத்து வராது என்று தெரிந்துகொண்டு வந்தாலும் லாபம்தான். ஐந்து வருடம் முனைவர் பட்டத்தில் மாட்டிக்கொண்டு தெரிந்துகொள்வதைவிட இரண்டு மாதத்தில் தெரிந்துகொள்வது மலிவு.

எங்கே விண்ணப்பிப்பது? பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமி, தில்லி இந்திய தேசிய அறிவியல் அகாதமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாதமி மூன்றும் சேர்ந்து நடத்துகிற கோடை ஆராய்ச்சித் திட்டம்தான் கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கு மிகப் பெரிய வாசல். நாடு முழுக்க உள்ள விஞ்ஞானிகளில் ஒருவரிடம் இரண்டு மாதம் அனுப்புகிறார்கள். மாத உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடும். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையமும் தனியாகக் கோடைத் திட்டம் நடத்துகிறது. அதற்கும் முந்தைய குளிர்காலத்திலேயே எழுத வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-லிருந்து நடத்துகிற குறுகிய கால ஆய்வுத் திட்டத்தைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். அது மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களை மனதில் வைத்துத் தொடங்கியது. நம் பி.எஸ்சி. மாணவி அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அதே மாதிரி இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுகிற அமெரிக்கக் கோடைத் திட்டங்களில் பல, அந்நாட்டு அரசின் தேசிய அறிவியல் நிறுவனம் பணம் கொடுப்பவை. அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான். எத்தனையோ பேர் இரவெல்லாம் விழித்து விண்ணப்பம் எழுதிக் கடைசிப் பக்கத்தில்தான் அந்த ஒரு வரியைப் பார்க்கிறார்கள்.

ஆண்டுக் கணக்கும் முக்கியம். இறுதி ஆண்டில் இருப்பவர்களைப் பல திட்டங்கள் எடுப்பதில்லை, ஏனென்றால் கோடை வரும்போது அவர்கள் மாணவர்களாகவே இருக்க மாட்டார்கள். மூன்று வருடப் படிப்பில் முதல் வருடம் புரியாமலே போய்விடும். ஆக, உண்மையில் ஒரே ஒரு கோடைதான் கையில் இருக்கிறது. அதைத் தவறவிடாமல் இருக்க இரண்டாம் ஆண்டுத் தீபாவளி லீவில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

எழுதுவது என்றதும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். சில நூறு சொற்களில், என்ன செய்ய ஆசை, ஏன் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார்கள். இணையத்தில் கிடைக்கிற மாதிரிக் கடிதங்களை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். சின்ன வயதிலிருந்தே அறிவியலில் தணியாத தாகம், மனித குலத்துக்குச் சேவை... தேர்வு செய்பவர் இந்த வரியை ஒரே நாளில் எத்தனை முறை படிப்பார்! அதற்குப் பதிலாக, வெண்டைச் செடியில் மஞ்சள் நோய் வந்த வருடம் பக்கத்து வயலில் ஒரு ரகத்துக்கு மட்டும் வரவில்லை, ஏன் என்று தெரிய வேண்டும் என நாலு வரி சாதாரண ஆங்கிலத்தில் எழுதினால் போதும். இலக்கணப் பிழையைத் திருத்த ஆசிரியர் இருக்கிறார். பார்த்த விஷயத்தை மாணவிதான் எழுத வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் அதே ஆசிரியர்தான். கடைசி நாள் மாலையில் போய் நிற்காமல் மூன்று வாரம் முன்னால் கேட்பது மரியாதை. விஞ்ஞானிக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுவதும் உண்டு. ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குப் போகும். ஒருவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரியாத ஒரு இடத்தைக் கேட்டு எழுதினால் பத்தில் ஒருவராவது பதில் போட வாய்ப்பு உண்டு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "வைரஸ் ஆராய்ச்சிப் பயிற்சி, பதினைந்தே நாளில் சான்றிதழ்" என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் காகிதங்கள். நல்ல தனியார் கூடங்களும் உண்டுதான். ஆனால் பலவற்றில் முப்பது பேரை ஒரு பி.சி.ஆர். இயந்திரத்தைச் சுற்றி நிற்க வைத்து, ஒருவர் செய்வதை மற்றவர்கள் பார்த்து, கடைசியில் எல்லோருக்கும் சட்டம் போட்ட காகிதம் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பல ஆயிரம் ரூபாய்! கம்பெனிக்குப் போனால் வந்திருக்கும் பணத்தையும் இழந்து, கையிலிருந்தும் கொடுத்து, விடை தெரிந்த சோதனையை வேடிக்கை பார்த்துவிட்டு வருவது எந்தக் கணக்கிலும் சேராது. ஒழுங்கான கோடைத் திட்டம் மாணவருக்குப் பணம் கொடுக்கும், மாணவரிடமிருந்து வாங்காது. இதைவிடச் சுலபமான அடையாளம் வேறு இல்லை.

அந்தப் பணத்தை வைத்து அப்பாவிடமும் பேசலாம். உதவித்தொகை கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடாகாமல் போகலாம், விடுதி, சாப்பாடு போக மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் கைக்காசு போகவில்லை என்பதே பாதி வாதம். மீதிப் பாதி பாதுகாப்பு. எந்த நிறுவனம், எந்த விடுதி, வழிகாட்டி யார் என்று பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட கடிதம் ஒன்று வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு நிம்மதி.

இத்தனையும் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். விண்ணப்பிப்பவர்கள் ஏராளம், இடங்கள் குறைவு. அப்போது என்ன செய்வது? கம்பெனிக்குப் போய்ச் சம்பாதிக்கலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளும் கல்லூரி ஆய்வகத்தின் சாவியும் கிடைக்குமானால், எந்த அகாதமியையும் கேட்காமல் பிடிக்கக்கூடிய வைரஸ்கள் இருக்கின்றன. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்கள். ஃபேஜ் என்று பெயர். மனிதர்களை ஒன்றும் செய்யாது. மண், சாக்கடை, ஏரி, எங்கும் இருக்கின்றன.

இந்தக் கதைக்கு இந்திய ஆரம்பமே உண்டு. கங்கை, யமுனை நீரில் காலரா கிருமிகளைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எர்னஸ்ட் ஹான்கின் 1896-லேயே எழுதினார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. 1917-ல் பாரிஸில் டி ஹெரெல் அந்த மாதிரி வைரஸ்களுக்குப் பெயர் வைத்தார். நூறு வருடத்துக்குப் பிறகு இதில் பெரிய பங்கு மாணவர்களுக்கு வந்தது. அமெரிக்காவில் 2008-லிருந்து, கல்லூரியில் முதல் வருடம் படிப்பவர்களையே மண்ணைக் கிளறி ஃபேஜ் பிடிக்க வைக்கிற ஒரு திட்டம் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் (நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே ஊர்ப்பக்கம்) மாணவர்கள் இதைச் செய்தார்கள். 2010-ல் அங்கே லில்லி ஹோல்ஸ்ட் என்ற மாணவி ஒரு அழுகிய கத்திரிக்காயின் அடியிலிருந்து ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்தார். 'மட்டி' என்று பெயர். சேறு படிந்தது என்று அர்த்தம். குளிர்பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

எட்டு வருடம் கழித்து லண்டனில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியோடு சாகக் கிடந்தாள். பிட்ஸ்பர்க்கில் கிரகாம் ஹாட்ஃபுல் தன் சேமிப்பில் இருந்த மாணவர் ஃபேஜ்களையெல்லாம் அந்தக் கிருமி மேல் சோதித்துப் பார்த்தார். மூன்று தேறின. ஒன்று இந்தக் கத்திரிக்காய் ஃபேஜ். மூன்றையும் கலந்து கொடுத்ததும் அந்தப் பெண்ணின் காயங்கள் ஆறத் தொடங்கின, அவள் வீடு திரும்பினாள். 2019-ல் ஆய்விதழில் வெளியான செய்தி இது.

செய்முறைக்கு வேண்டியதெல்லாம் சாதாரண நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறது. மணிமங்கலம் ஏரியில், வாய்க்கால் வந்து கலக்கிற ஓரத்தில் ஒரு பாட்டில் தண்ணீர். கலங்கல் தெளிந்ததும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். பாக்டீரியா மேலே நின்றுவிடும், ஃபேஜ் கீழே இறங்கிவிடும். கல்லூரியில் பாடத்துக்கு வைத்திருக்கும் தீங்கற்ற ஈ.கோலை வளர்ப்போடு அந்த நீரைச் சில சொட்டுக் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள இளகிய அகார் கூழில் விட்டு, பெட்ரி தட்டின் மேல் ஊற்றிப் பரப்பி, 37 டிகிரியில் ஒரு இரவு வைக்க வேண்டும். ஏரி நீர் சேர்க்காத ஒரு தட்டும் பக்கத்தில் இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க.

மறுநாள் காலையில் தட்டு முழுக்க பாக்டீரியா மங்கலான வெள்ளைப் படலமாகப் பரவியிருக்கும். அதன் நடுவில் ஊசியால் குத்தினதுபோல் தெளிவான சின்ன வட்டங்கள் தெரிந்தால், ஒவ்வொரு வட்டமும் ஒரே ஒரு வைரஸில் தொடங்கியது. வராவிட்டால் வேறு இடத்துத் தண்ணீர், மறுபடி ஒரு ஞாயிறு. வந்தால் எண்ணி, குறித்து, புகைப்படம் எடுத்து, ஒரு வட்டத்தை மட்டும் தொட்டு எடுத்து மறுபடி வளர்த்து வைத்துக்கொள்ளலாம். நவம்பர் விண்ணப்பத்தில் 'என்ன செய்ய ஆசை' என்கிற கட்டத்தில் எழுத அந்த மாணவியிடம் ஏற்கெனவே ஒரு வைரஸ் இருக்கும், அதற்கு அவளே வைத்த ஒரு பெயரும்.